பிறை பத்து

சகீனா அந்தப் புகார்க் கடிதத்தை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். முதல் மூன்றையும் அவளே கிழித்துப் போட்டாயிற்று. எழுத்துப் பிழைக்காக இல்லை. காரம் போதவில்லை, அவ்வளவுதான்.

மலாக்காப் பக்கம் அலோர் காஜா கடைத்தெருவில் இருக்கும் பிளாஸ்டிக் சாமான் கடை அவளுடையது. வாளி, பேசின், நாற்காலி, குப்பைத்தொட்டி எல்லாம் கூரைவரை அடுக்கியிருக்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தம்பி ரியாஸ் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். ஒரு மலாய்க்கார அம்மாள் உள்ளே வந்து, இந்த வாளிக்கு மூடி இருக்கிறதா என்று கேட்டாள். சகீனா நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அந்த அம்மாள் மூடியும் வேண்டாம் வாளியும் வேண்டாம் என்று நடையைக் கட்டினாள்.

கடிதத்தில் அவள் கேட்டது ஒன்றுதான். கடற்கரைக் கிளப்பின் மீட்புப் படகை ஓட்டும் தினேஸ்வரனை இறக்க வேண்டும். ஒரு மாசம் இரண்டு மாசத்துக்கு இல்லை. வாழ்நாள் முழுக்க அவன் அந்தக் கிளப்பின் சார்பாகத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் கூட்டம். கடிதத்தை அவளே எழுந்து நின்று வாசிப்பாள், உறுப்பினர்கள் கை தூக்குவார்கள், தினேஸ்வரன் படகுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். பதினோரு வருஷமாகச் சனி ஞாயிறு ஒன்றுவிடாமல் சம்பளமில்லாமல் ஓட்டிய படகு. போகட்டுமே! அவள் தோழி ஜோனிட்டா ஐம்பது நிமிஷம் நடுக்கடலில் தத்தளித்து எலும்பு முறிந்து கிடந்தாளே, அப்போது எங்கே போயிற்று அவனுடைய பதினோரு வருஷம்?

சகீனாவுக்கு நாற்பத்தாறு வயது. அவள் வாழ்க்கையில் உருப்படியாக நடந்த காரியமெல்லாம் கோபத்தில் நடந்தவைதான் என்று ரியாஸ் சொல்வான், தூர நின்றுகொண்டு. அதில் பொய்யில்லை. இருபத்திரண்டு வயதில் மூவாரில் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு வருஷம் கழித்து அந்த மாப்பிள்ளை, “உன் கோவத்தோட எவன் குடித்தனம் பண்ணுவான்?” என்று கேட்டான். “அப்ப நீ பண்ணாத” என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாப்பா ஹபீபுல்லா காலமானபோது, பொம்பளை எப்படிக் கடை நடத்துவாள், விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று புத்தி சொன்னார்கள். அந்த ஆத்திரத்திலேயே பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தாள்.

கடலும் அப்படித்தான் வந்தது. முப்பத்துநாலு வயதில், கிளப்பின் விழாவுக்கு நூறு நாற்காலி கொண்டுபோய் இறக்கினாள். அங்கே ஒருத்தன் விண்ட்சர்ஃபிங் பலகையைக் காட்டி, “கடைக்கார அம்மா இதுல ஏறுவாங்களா?” என்று சிரித்தான். நீளமான ஒரு பலகை, நடுவில் நட்ட ஒரு பாய்மரம், அதில் பாய். நின்றபடி பாயைக் கையில் பிடித்துக் காற்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சகீனா செருப்பைக் கழற்றினாள். பாஜு கூரோங் அங்கியும் தலையில் தூடோங் துணியுமாக ஏறினாள். பதினேழு தடவை விழுந்தாள். பதினெட்டாவது தடவை பலகை நாலு பாகம் தூரம் போயிற்று. சிரித்தவன் அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டான், பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. தலை முதல் கால் வரை மூடிய நீச்சல் உடை தைத்துக்கொண்டாள். ஞாயிறு காலையில் கடை திறக்கும் முன் கடலில் இருப்பாள். பேசினவர்கள் பேசினார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து, “கடல் பொம்பளைக்கு எதுக்கும்மா?” என்றார். “உங்களுக்கு எதுக்கு எங்க கடை வாளி? குளத்துல குளிச்சுக்க வேண்டியதுதானே?” என்றாள். கேட்டவருக்குப் புரிந்ததோ இல்லையோ, திரும்பி வரவில்லை.

மலாக்கா நீரிணை பார்ப்பதற்குச் சாது. அலை பெரிதாக இராது. நம்பி இறங்கினால்தான் தெரியும் அதன் லட்சணம். அடியில் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரம் வடக்கே இழுக்கும், பிறகு திரும்பி ஆறு மணி நேரம் தெற்கே இழுக்கும். கிளப்புக்கு வடக்கே காட்டு மலை ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. முனை என்பார்கள். அந்த இடத்தில் இழுப்பு இரண்டு மடங்கு. தண்ணீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் போனிலேயே வரும். ஆனால் கரையில் தண்ணீர் ஏறி முடிந்த பிறகும் முனையில் ஓட்டம் பழைய பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். அது எப்போது திரும்பும் என்று போனுக்குத் தெரியாது.

சகீனாவுக்குத் தெரியும். அவளுக்குக் கணக்கு பிறையில். நோன்பு, பெருநாள், வாப்பாவின் நினைவு நாளுக்கு ஓதும் ஃபாத்திஹா, எல்லாவற்றுக்கும் பிறை பார்த்தே வளர்ந்தவள். முனையில் தண்ணீர் திரும்பும் நேரத்தை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துச் சின்ன 555 மார்க் கணக்கு நோட்டில் பிறையோடு சேர்த்து எழுதிவைத்தாள். ஒரு பிறைக்கு, அதாவது ஒரு நாளைக்கு, ஐம்பது நிமிஷம் பிந்தும். ஒன்பது வருஷ நோட்டு. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கிளப்பில் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு எரியும். “கடல் அங்க இருக்குடா, உள்ளங்கையில என்ன தேடுறீங்க?” என்பாள்.

இந்த நோட்டை நம்பி அவளோடு கடலில் இறங்குகிறவள் ஜோனிட்டா. பாயா ரும்புட்டில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறாள், இவளைவிட இரண்டு வயது இளையவள். ஞாயிறு என்றால் சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு நேரே கடற்கரைக்கு வருவாள். சகீனாவின் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுகிறார்கள். ஆனால் ஜோனிட்டா முனைவரைக்கும்தான் போவாள், அங்கிருந்து திரும்பிவிடுவாள். இந்த வருஷம் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அவள் புருஷன் டாரியஸுக்கு இஷ்டமில்லை. “பாத்துக்குவீங்களா?” என்று சகீனாவிடமே கேட்டான்.

“முழுசாக் கொண்டாந்து சேர்ப்பேன். போதுமா?” என்றாள்.

பெருநாள் கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை. காலையில் புறப்படும் முன் கடையைத் திறந்து காலண்டரைப் பார்த்தாள். முன்பெல்லாம் அந்த ஆணியில் இங்கே அச்சடித்த காலண்டர் தொங்கும், அதில் பிறை எண் ஓரத்தில் எறும்பு மாதிரி இருக்கும். சகீனாவுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. கண்ணாடி போடுகிற வயசா எனக்கு என்று அதற்கும் ஒரு கோபம். பெருநாளைக்குக் கடையைச் சுத்தம் செய்தபோது ரியாஸ், ராமநாதபுரம் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து சின்னம்மா மகன் கொண்டுவந்த காலண்டரை அதே ஆணியில் பழையதன் மேலே மாட்டினான். பள்ளிவாசல் மினாரா படம் போட்டு, பிறையைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். “இது காலண்டர்” என்று மெச்சினாள். அன்றைக்குப் பிறை பத்து. நோட்டைப் புரட்டினாள். பிறை பத்துக்கு முனையில் தண்ணீர் ஒன்பது நாற்பதுக்குத் திரும்பும்.

ஏற்பாடு சுலபம். எட்டரைக்கு இறங்கினால் வடக்கே போகும் ஓட்டம் தானாகவே முனைக்குக் கொண்டுபோகும். சுற்றி முடிக்கும்போது ஓட்டம் திரும்பிவிடும், தானாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

தினேஸ்வரன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது. செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். வார நாளெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான்.

“அக்கா, நான் முனைக்கு அந்தப் பக்கம் போய் நிக்கிறேனே” என்றான். “போன்ல பாத்தேன், தண்ணி இன்னிக்கு லேட்டுபோல காட்டுது.”

“போனா?” சகீனாவுக்குச் சுரீரென்றது. “ஒன்பது வருசமா நான் இந்தத் தண்ணியப் பாக்குறேன். ஒன்பது நாப்பதுக்குத் திரும்பும். யாருக்கு என்ன ஆனாலும் தண்ணியே இழுத்துட்டு வந்து உங்கிட்ட சேர்த்துரும். நீ இந்தப் பக்கம் சிவப்பு மிதவைகிட்ட நில்லு. எங்க பின்னாடியே உறுமிக்கிட்டு வராத.”

“இல்லக்கா, சேப்டிக்கு லா...”

“நில்லுன்னா நில்லு!”

அவன் தலையாட்டினான்.

காற்று கரைப்பக்கமிருந்து மலைக்காட்டைத் தாண்டி வந்தது. அதுவும் ஒழுங்காக வரவில்லை. ஒரு நிமிஷம் செத்துக் கிடக்கும், மறு நிமிஷம் கன்னத்தில் அறைகிற மாதிரி வரும். ஆனாலும் போவது ஜோராகத்தான் இருந்தது. ஓட்டம் அடியில் தள்ள, பாய் மேலே இழுக்க, ஒன்பதேகாலுக்கெல்லாம் முனையில் இருந்தார்கள். சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். பாறையும் காடும்தான், வேறொன்றும் இல்லை. ஜோனிட்டா ஐந்து வயதுப் பிள்ளைபோலக் கத்தினாள். ஒன்பது நாற்பது ஆயிற்று. “சரி, திரும்பு” என்றாள் சகீனா.

திரும்பினார்கள். பலகைகளின் மூக்கு தெற்கே பார்த்தது. ஆனால் மலைப்பாறை அவர்களைத் தாண்டித் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. பாய் நிறையக் காற்று இருக்கும்போது நின்ற இடத்தில் நின்றார்கள். காற்று செத்தால் பின்னால் போனார்கள். சகீனா, இதோ திரும்பும், இதோ திரும்பும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். ஜோனிட்டாவின் கை தளர்ந்தது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் கரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

“எந்திரிடி! எந்திரிச்சுப் பிடி!” என்று சகீனா கத்தினாள். பயத்தில் கத்துகிறதும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

ஜோனிட்டா எழுந்து கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து அறைகிற மாதிரி ஒரு காற்று மலையிலிருந்து இறங்கியது. பாய்மரம் அப்படியே அவள்மேல் சாய்ந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு முறிந்த சத்தம் சகீனாவுக்கே கேட்டது.

தன் பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு நீந்திப் போனாள். ஜோனிட்டாவைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, ஒரு கையால் அவள் இடுப்புப் பட்டையையும் மறு கையால் தன் பலகையையும் பிடித்துக்கொண்டு விசிலை ஊதினாள். முனை மறைத்துக்கொண்டிருந்தது. யாருக்குக் கேட்கும்? தூரத்தில் கப்பல்கள் போகும் பாதை. அந்தப் பக்கமாகத்தான் தண்ணீர் அவர்களைக் கொண்டுபோயிற்று. ஜோனிட்டா முதலில் மாதாவைக் கூப்பிட்டாள், பிறகு டாரியஸைக் கூப்பிட்டாள், பிறகு யாரையும் கூப்பிடவில்லை. ஊதி ஊதிச் சகீனாவின் உதடு வெடித்தது.

பத்தரைக்குப் படகு வந்தது.

தினேஸ்வரன் ஜோனிட்டாவைத் தூக்கிப் படகில் ஏற்றிய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. முறிந்த பக்கம் படாமல் துணியால் கட்டினான். தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இப்பதான்க்கா திரும்புது” என்றான். சகீனா அதைக் காதில் வாங்கினாள், புத்தியில் வாங்கவில்லை. சமாளிக்கிறான் என்றே பட்டது.

கரையில் ஆம்புலன்ஸ் போன பிறகு, முப்பது பேர் நின்ற இடத்தில் அவள் வெடித்தாள்.

“எங்கடா போன ஐம்பது நிமிசம்?”

“நீங்க சொன்ன எடத்துலதான்க்கா நின்னேன். வரக்காணோம்னு தேடிக்கிட்டு வந்தேன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! எஸ்டேட்டுல செம்பனை லோரி ஓட்டுறவனைக் கொண்டாந்து படகுல உக்கார வச்சா இப்படித்தான். இது என்ன உங்க மண் ரோடுன்னு நெனச்சியா? உனக்கெல்லாம் கடலைப் பத்தி என்னடா தெரியும்?”

தினேஸ்வரன் படகு நின்ற இடத்துக்குப் போனான். படகைக் கட்டினான், கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்தான், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் அப்பாவும் அம்மாவும் இன்னும் அந்த எஸ்டேட் லய வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஜோனிட்டாவுக்குத் தகடு வைத்து ஆபரேஷன். மயக்கம் தெளிந்து, “அவன் மட்டும் சீக்கிரம் வந்திருந்தா” என்று அழுதாள். டாரியஸ் சகீனாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்துதான் கடிதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது கடிதம் நன்றாக வந்திருந்தது. கிளப் காகிதமெல்லாம் மலாயில்தான், அதனால் மலாயில் எழுதியிருந்தாள். ‘கடலைப் பற்றி ஒன்றும் அறியாதவர், எல்லாம் அறிந்தவர்போல் நடந்துகொண்டார். அடுத்தவர் உயிரைத் துச்சமாக மதித்தார். தவறு நடந்த பின் பழியை அடுத்தவர்மேல் போட்டார்.’ ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டாள், அதை எல்லார் முன்னாலும் போட வேண்டும்.

அப்போது போன் அடித்தது. ஊரிலிருந்து மாமி, வாப்பாவின் தங்கை.

“என்ன புள்ள, இன்னிக்கு உங்க உம்மா ஃபாத்திஹாவாச்சே. நெய்ச்சோறு ஆக்கியாச்சா?”

“அது நேத்தே ஓதி முடிச்சாச்சு மாமி. ரியாஸ் சூராவு பள்ளியில கேட்டுட்டு வந்து சொன்னான், சவ்வால் பிறை பதினாறு நேத்துதான்.”

“நேத்தா? இன்னிக்குத்தானே பதினாறு? இங்க காலண்டர்ல...” மாமி நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அட, ஆமா புள்ள! உங்களுக்குத்தான் எப்பவும் ஒரு நாள் முந்தியாச்சே. பெருநாளைக்கே நீ போன் போட்டு வாழ்த்துச் சொல்ற, நாங்க இங்க நோன்பு வச்சுக்கிட்டு இருந்தோம்!”

சகீனாவும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். மினாராவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் பிறை பதினாறு.

போனை வைத்தாளா, மாமி வைத்தாளா, தெரியாது. நாற்காலியைப் போட்டு ஏறி மேல் காலண்டரைத் தூக்கினாள். அடியில் பழைய காலண்டர் தொங்கியது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பதினேழு. அதிலேயே போன சனிக்கிழமைக்கு விரலை ஓட்டினாள். பதினொன்று. நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ஒரு பிறைக்கு ஐம்பது நிமிஷம். ஒன்பது நாற்பதோடு ஐம்பது. பத்தரை.

இப்பதான்க்கா திரும்புது என்று அவன் சொன்னான்.

அவள் சொன்ன நேரத்துக்கு, அவள் சொன்ன இடத்தில், தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும் என்று அவள் சொன்னதை நம்பி நின்றவன். தண்ணீர் எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. இது வேறு யாருக்காவது வரக்கூடிய தவறா? பெருநாள் வாழ்த்தையே இரண்டு நாள் சொல்லும் வீடு. பிறந்ததிலிருந்து தெரியும், அங்கே பிறை ஒரு நாள் பிந்தும் என்று. தெரிந்தே, எழுத்து பெரிதாக இருக்கிறது என்று அதைப் பார்த்துக்கொண்டு கடலில் இறங்கினாள். சகீனாவுக்கு வந்த கோபத்துக்கு எதிரே ஆள் இல்லை. பக்கத்தில் இருந்த பேசின் அடுக்கை ஓங்கி உதைத்தாள். கடை முழுக்க உருண்டது.

தொழுகை முடிந்து வந்த ரியாஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

“மாட்டுனது நான்தானே லாத்தா” என்றான்.

“மாட்டுனவனா கடல்ல எறங்குனான்? வாய மூடு.”

கொஞ்ச நேரம் பேசின்களைப் பொறுக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “இது யாருக்கும் தெரியாது. ஜோனிட்டாக்கா கூட அவன் தப்புன்னுதான் நெனைக்கிறாங்க. கடுதாசி குடுக்காம விட்டுரு. சும்மா போய்ச்சேரும் லா.”

“விட்டா, அவன் தப்பு பண்ணான்னே நிக்கும். நான் மன்னிச்சு விட்டேன்னு வேற பேர் வரும்!” என்று அவன்மேல் பாய்ந்தாள். ஆனாலும் அவன் சொன்னதை அவளும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளப் தகரக்கொட்டகையில் இருபது முப்பது பேர். தலைவர் அல்போன்ஸ் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜோனிட்டா கையைத் தொட்டில்கட்டி முன்வரிசையில், பக்கத்தில் டாரியஸ். தினேஸ்வரன் கடைசியில் தூணோரம் நின்றான். படகுச் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

சகீனா எழுந்தாள். அதே நான்காவது கடிதம். வேறு எழுதவில்லை.

“இந்தப் புகார், சகீனா பிந்தி ஹபீபுல்லா மீது” என்று வாப்பா பேரையும் சேர்த்துச் சொல்லி ஆரம்பித்தாள்.

“பேர மாத்திப் படிக்கிறம்மா” என்றார் அல்போன்ஸ் சார்.

“சரியாத்தான் படிக்கிறேன் சார்.”

படித்தாள். தினேஸ்வரன் என்று இருந்த இடமெல்லாம் தன் பெயரைப் போட்டுப் படித்தாள். ஒரு வரியைக் குறைக்கவில்லை, ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்லவில்லை. கடலைப் பற்றி ஒன்றும் அறியாதவர், எல்லாம் அறிந்தவர்போல் நடந்துகொண்டார். அடுத்தவர் உயிரைத் துச்சமாக மதித்தார். பழியை அடுத்தவர்மேல் போட்டார். அவ்வளவு கவனமாக எழுதிய வசையில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் பொருந்தாமல் போகவில்லை. நடுவில் நிறுத்தி, காலண்டரையும் பிறையையும் ஐம்பது நிமிஷத்தையும் தமிழிலும் மலாயிலும் சொன்னாள். பிறகு கடைசி வரி. இவர் வாழ்நாள் முழுக்க இந்தக் கிளப்பின் சார்பாகத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

தினேஸ்வரன் தூணைவிட்டு முன்னால் வந்தான்.

“இது எனக்கு எழுதினதுதானே?”

“ஆமா.”

“வாழ்நாளும் எனக்குத்தானா?”

“ஆமா.”

“எஸ்டேட்டுன்னு சொன்னீங்களே, அது இதுல இல்லையேக்கா.”

சகீனா அவன் பக்கம் திரும்பினாள். “அதை வாயால சொன்னேன். இவங்க எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். இவங்க எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன், அது ஈனப் பேச்சு. உன் அப்பா அம்மாவைச் சொன்ன மாதிரி. தப்பு.”

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கடிதத்தை வாங்கிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“கையெழுத்துப் போடல” என்றான்.

பெயர் இருந்த இடங்களை அடித்துத் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அல்போன்ஸ் சார், யோசிப்போமே, ஆறு மாசம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஏதோ சொல்ல வந்தார். சகீனா அவரைப் பார்த்த பார்வையில் அவரும் நிறுத்திவிட்டார். கைகள் தூக்கப்பட்டன. தினேஸ்வரன் கை தூக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கடலில் இறங்கும் நேரமாகியிருந்தது, அவன் சாவியை எடுத்துக்கொண்டு படகைப் பார்க்கப் போனான்.

கார் நிறுத்தும் இடத்துக்கு ஜோனிட்டா பின்னாலேயே வந்தாள். சிரிக்கத் தெரிந்த அந்த முகத்தை இப்படிச் சிவந்து சகீனா பார்த்ததே இல்லை.

“எட்டு நாளா அவனைச் சபிச்சேன்டி. உன் பேச்சைக் கேட்டு, ஜெபத்துலகூடச் சபிச்சேன். ஒரு வார்த்தை எங்கிட்ட முதல்ல சொல்லத் தோணலியா உனக்கு? என் எலும்புடி ஒடஞ்சது!”

சகீனா எடுத்த கார்ச் சாவியை மறுபடி பைக்குள் போட்டாள்.

ஜோனிட்டா போகத் திரும்பினாள். கடலில் படகு மோட்டார் உறுமியது. மறுபடி நின்றாள், கோபம் இன்னும் தீரவில்லை, குரல் மட்டும் உடைந்துவிட்டது.

“அதுக்குன்னு வாழ்நாளாடி? படிக்கும்போது ஒரு வருசம்னு மாத்திப் படிச்சிருக்கக் கூடாதா?”

“அவன் பேரே இருந்திருந்தா மாத்தியிருப்பேனா?” என்றாள் சகீனா.